கரடியின் பாதையில் காலை நடை

'சிவபூஜையில் கரடி புகுந்தாற்போல' என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். அழையாமல் வந்து, வேண்டாத வேளையில் குறுக்கிடுவோரைக் குறித்து நாம் அதனை வழங்கி வருகிறோம். இன்று நாம் பேசக் கருதியிருப்பது இதற்கு நேர்மாறான நிலையைப் பற்றியது. கரடி நம் பூஜையில் புகுவதைப் பற்றியதன்று. கரடி தன் இரையை நாடி நிற்கும் இடத்தில், தேகப்பயிற்சியின் பெயரால் நாம் சென்று புகுவதைப் பற்றியது.

உத்தியோகத்தின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் தமிழர்களாகிய நாம் பாரத நாட்டின் எல்லாத் திசைகளிலும் பரவி வாழ்கிறோம். டேராடூன், முசௌரி, சிம்லா, ஸ்ரீநகர் என்று இமயத்தின் மடியில் இருப்போர் உளர். ராஜஸ்தானத்தின் மவுண்ட் ஆபு, சத்தீஸ்கரின் கான்கேர், கர்நாடகத்தின் பெல்லாரி ஆகிய இடங்களில் இருப்போரும் உளர். நாற்பது வயதைத் தாண்டியதும் மருத்துவர் நமக்கு இடும் முதற் கட்டளை, 'காலையில் நடவுங்கள்' என்பது. மெரீனாக் கடற்கரையிலோ டில்லி லோதித் தோட்டத்திலோ அக்கட்டளையை நிறைவேற்ற ஒரு ஜோடிக் காலணி போதும். மேலே கூறிய ஊர்களிலோ காலணியோடு சிறிது அறிவும் வேண்டும். அவ்வூர்களைச் சுற்றியுள்ள காடுகளில் கரடி வாழ்கிறது. அக்காடுகளின் ஓரத்திலேயே நம் நடைபாதைகளும் அமைந்திருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதத்தில், அலுவலகப் பணியின் நிமித்தமாக மூன்று வாரம் மவுண்ட் ஆபுவில் தங்க நேர்ந்தது. ஆரவல்லி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் அது. நக்கி ஏரியும் தில்வாராச் சமணக் கோயில்களும் அதன் பெருமைகள். ஊரைச் சூழ்ந்து வனவிலங்குச் சரணாலயம் ஒன்றும் இருக்கிறது. நம்முடன் இரு தமிழ் அன்பர்கள் தங்கியிருந்தனர். ஒருவர் கணக்குத் துறையைச் சேர்ந்த தஞ்சாவூர்க்காரர், மற்றவர் திருநெல்வேலிக்காரர், அவரை நாங்கள் 'அண்ணாச்சி' என்றே அழைப்போம். டில்லியில் பழகிய பழக்கத்தை விடாமல், நாள்தோறும் காலை ஐந்தே முக்கால் மணிக்கு மூவரும் உலாவப் புறப்பட்டு விடுவோம். அந்த மாதத்தில் அவ்வூரில் ஏழு மணிக்கு மேல்தான் கதிரவன் எழுகிறான் என்பதைப் பற்றி நாம் கவலை கொள்ளவில்லை.

பாதையின் தொடக்கத்தில் ஒரு பலகை நட்டிருந்தது. 'ரீச் ஸே ஸாவ்தான்' என்று ஹிந்தியில் எழுதியிருந்தது. ரீச் என்றால் கரடி. மொழிபெயர்ப்பே நம் தொழிலாதலின், இதனைத் தமிழில் எப்படி எழுதலாம் என்று அன்பர்களோடு விளையாட்டாகப் பேசிக்கொண்டே நடந்தோம். 'கரடி ஜாக்கிரதை' என்றால், எச்சரிக்கை நமக்கா கரடிக்கா என்ற ஐயம் எழும் என்றார் தஞ்சாவூர்க்காரர். அவ்வாறே எழுதிவிடலாம், நம்மைக் கண்டு கரடியும் சற்று எச்சரிக்கையாக இருக்கட்டுமே என்றார் அண்ணாச்சி. நகைத்தோம். எச்சரிக்கையாக இருப்பது எவ்விதம் என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் நாங்கள் வெறுங்கையோடு செல்லவில்லை. அண்ணாச்சி ஒரு விசில் வைத்திருந்தார். தஞ்சாவூர்க்காரர் டில்லியில் வாங்கிய சிறிய மிளகாய் ஸ்பிரே குப்பி ஒன்றைக் கோட்டின் உட்பையில் வைத்து, அதன்மேல் சால்வையும் போர்த்தியிருந்தார். நம் கையில் ஒரு பிரம்பு இருந்தது. பாதுகாப்புக்கு வேண்டிய அனைத்தும் செய்துவிட்டதாகவே எண்ணியிருந்தோம்.

ஐந்தாம் நாள், பாதை திரும்பும் ஒரு மூலையில், தங்கும் விடுதி ஒன்றின் பின்புறக் குப்பைமேட்டருகே கரடியைக் கண்டோம். இருபது அடி தூரம் இருக்கலாம். முதலில் அது ஒரு கரிய மூட்டை போலத் தோன்றிற்று. பிறகு மூட்டை தலையை உயர்த்தியது. அண்ணாச்சி சட்டென்று திரும்பி ஓடுவதற்குக் காலை எடுத்துவிட்டார். விசில் அவர் நினைவிலேயே இல்லை. தஞ்சாவூர்க்காரர் சால்வைக்குள் கையை விட்டுத் துழாவினார். குப்பி கைக்கு வரவில்லை. பிரம்பைப் பிடித்திருந்த நம் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்போது பின்புறமிருந்து ஒரு குரல், உரத்தும் அல்லாமல், பதறியும் அல்லாமல், 'பாகோ மத், பாபுஜி' என்றது. ஓடாதீர்கள் என்பது அதன் பொருள். பக்கத்துக் கட்டடத்தின் காவற்காரர் ஒருவர் டார்ச் விளக்கோடு நின்றிருந்தார். அவர் சொற்படி மூவரும் நெருங்கி நின்று, கரடியின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினோம். அவர் மெல்லிய குரலில் பேசிக்கொண்டே இருந்தார். கரடி எங்களைச் சிறிது நேரம் மோந்து பார்த்தது. பிறகு உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்து மறைந்தது.

தம் குடிசையில் அவர் எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். முகத்தைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபோது, இடக்கண் இருக்க வேண்டிய இடம் வெறும் தழும்பாய் இருந்தது. கன்னமும் சுருங்கிப் போயிருந்தது. இளமையில் விடியற்காலையில் விறகு பொறுக்கச் சென்றபோது நேர்ந்ததாம். பிறகு அவர் எங்களை ஒரு கேள்வி கேட்டார்: 'எங்களுக்கு விறகு வேண்டும், அதனால் இருட்டில் போனோம். உங்களுக்கு என்ன வேண்டும்?'

நேயர்களே, இக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. எட்டு மணிக்கு நடந்தாலும் உடம்பில் சர்க்கரை குறையும். விறகுக்கும் புல்லுக்கும் இலுப்பைப் பூவுக்கும் காடு செல்லும் ஏழை மக்களுக்கு நேரத்தையும் பாதையையும் தேர்ந்தெடுக்கும் வசதி பெரும்பாலும் இல்லை. நமக்கு அது முற்றிலும் உண்டு. இருந்தும் அதனை விட்டுவிட்டு, ஒரு குப்பியையும் விசிலையும் நம்பிப் புறப்பட்டோம். கரடியிடமிருந்து பாதுகாப்பைத் தேர்ந்தெடுப்பது கடையில் தொடங்குவதன்று. கடிகாரத்தைப் பார்ப்பதில் தொடங்குகிறது. அன்று நாம் கற்ற பாடம் இதுவே.

இதன் காரணம் விளங்க வேண்டுமாயின் கரடியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம் நாட்டின் சமவெளிக் காடுகளிலும் சிறு குன்றுகளிலும் வாழ்வது சங்கப் புலவர்கள் 'எண்கு' என்று அழைத்த அதே கரடி. அது புற்றைக் கிளறுவதையும் இலுப்பைப் பூவை உண்பதையும் அவர்கள் கண்டு பாடியிருக்கிறார்கள். கறையானும் எறும்பும், தேனும், நாவல், இலந்தை, கொன்றை, அத்தி ஆகியவற்றின் கனிகளும் அதன் உணவு. 1791-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஷா என்னும் ஆங்கிலேய இயற்கை நூலார், இதன் நீண்ட நகங்களைக் கண்டு, அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றித் தொங்கும் 'ஸ்லாத்' என்னும் மந்தமான பிராணியின் இனத்தோடு இதனைச் சேர்த்துவிட்டார். பிழை பின்னர் திருத்தப்பட்டது. ஆயினும் 'ஸ்லாத் பேர்' என்ற ஆங்கிலப் பெயர் நிலைத்துவிட்டது. பெயரை நம்பி இது சோம்பேறி என்று எண்ணிவிடலாகாது. வேண்டியபோது இது மனிதனைக் காட்டிலும் விரைந்து ஓடும்.

இக்கரடி மனிதனை இரையாகக் கருதித் தாக்குவது மிக அரிது. அதன் கண்பார்வை கூர்மையானதன்று. புற்றுக்குள் மூக்கை நுழைத்துக் கறையானை உறிஞ்சும்போது அது எழுப்பும் ஓசை நெடுந்தூரம் கேட்கும். அவ்வேளையில் நாம் நெருங்குவதை அது அறியாது. பத்தடி தூரத்தில் திடீரென்று ஒருவரைக் கண்டால் அஞ்சி, அந்த அச்சத்தினாலேயே பாய்ந்துவிடும். புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய பிராணி அது. அபாயம் நெருங்கினால் எதிர்த்து நிற்பதே அதன் வழக்கம். குட்டிகளை முதுகில் சுமந்து செல்லும் தாயிடம் இவ்வியல்பு மேலும் மிகுதி.

இமயமலைக் கருங்கரடியோ வேறு இனம். காஷ்மீர் முதல் அருணாசலம் வரை அது வாழ்கிறது. மார்பில் பிறை போன்ற வெளிறிய குறி உடையது. மரம் ஏறுவதில் வல்லது. குளிர்காலத்துக்கு முன், இலையுதிர் பருவத்தில், கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் பொருட்டு மிகுதியாக உண்ணும். மக்காச்சோளக் கொல்லைகளையும் பழத்தோட்டங்களையும் அது நாடி வருவது அப்பருவத்தில்தான். மலையூர்களில் இருக்கும் நேயர்கள் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இரட்டிப்பு எச்சரிக்கையாய் இருத்தல் நலம்.

இவ்விரு கரடிகளுக்கும் பொதுவான செய்தி ஒன்றுண்டு. எதிர்பாராத சந்திப்பே அபாயம். ஆகவே எதிர்பாராத சந்திப்பைத் தவிர்ப்பதே முதற் பாதுகாப்பு. அதற்குரிய வழிகளை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, காலம். கரடி பெரும்பாலும் இரவிலும் அந்தி, வைகறை வேளைகளிலும் நடமாடுவது. எனவே நன்றாக விடிந்த பிறகு புறப்பட்டு, பொழுது சாய்வதற்கு முன் திரும்பிவிட வேண்டும்.

இரண்டாவது, பாதை. முன்னே நெடுந்தூரம் தெரியும் அகன்ற சாலை நல்லது. புதர் அடர்ந்த ஒற்றையடிப் பாதை, பாறைக் குகைகளின் ஓரம், கனி உதிர்ந்து கிடக்கும் மரத்தடி, புதிதாகக் கிளறிய புற்று, குப்பைமேடு ஆகியவற்றை விலக்க வேண்டும். புதிய எச்சத்தையோ நகக்கீறலையோ கண்டால் அன்றைய நடையை அவ்விடத்திலேயே முடித்துக்கொள்வது இழுக்கன்று.

மூன்றாவது, துணையும் குரலும். மூவர் நால்வராகச் சேர்ந்து, பேசிக்கொண்டே செல்ல வேண்டும். மனிதக் குரலைக் கேட்ட கரடி பெரும்பாலும் தானே விலகிவிடும். வளைவுகளிலும் ஓடையின் இரைச்சல் உள்ள இடங்களிலும் குரலை உயர்த்துவதும் கைதட்டுவதும் வேண்டும். இடுப்பில் கட்டும் சிறு மணி போதாது என்பது அமெரிக்கத் தேசிய வனங்களில் பெற்ற அனுபவம். நாம் மூவரும் அன்று பேசிக்கொண்டே வந்திருந்தால் ஒருவேளை கரடி முன்னரே அகன்றிருக்கும். குளிரினால் வாயை மூடிக்கொண்டு வந்தோம்.

ஓடிப் பயிற்சி செய்யும் இளைஞர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் தனியே ஒரு சொல். விரைவும் மௌனமும் சேர்ந்தால், கரடி அறிவதற்கு முன்பே அதன்மேல் சென்று மோதிவிடுவோம். 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், காட்டை நன்கு அறிந்த வனத்துறை அலுவலர் ஒருவரே, மிதிவண்டியில் விரைந்து செல்கையில் பாதையின் வளைவில் கரடியோடு மோதி உயிரிழந்தார். காட்டோரத்தில் ஓட விரும்புவோர் மறைவான வளைவுகளில் நடந்தே கடக்கட்டும். காதில் செருகும் இயர்போனை வீட்டிலேயே வைத்துவிடட்டும். வளர்ப்பு நாயை அவிழ்த்து விடுதலும் தகாது. அது கரடியைச் சீண்டிவிட்டு, எஜமானரிடமே ஓடி வந்து ஒளியும். துரத்தும் கரடியும் உடன் வரும்.

இவையெல்லாம் செய்த பின்னரே, கையில் எதை எடுத்துச் செல்வது என்னும் கேள்வி எழ வேண்டும். தடி ஊன்றுவதற்கும் தரையில் தட்டி ஓசை எழுப்புவதற்கும் உதவும். அதைக் கொண்டு கரடியை அடித்து வெல்லலாம் என்பது வீண் கனவு. விசில், விபத்துக்குப் பின் பிறரை அழைக்க உதவும். டார்ச் விளக்கு இருட்டில் பயன்படும். ஆனால் இருட்டில் செல்லாதிருப்பதே அதனினும் மேலானது. துப்பாக்கியைப் பற்றிச் சிந்திக்கவே வேண்டாம். அதற்கு உரிமம் வேண்டும் என்பதோடு, இக்கரடிகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலுக்கு உட்பட்டவை. உயிரைக் காத்துக்கொள்ள நேர்மையாகச் செய்த செயலைச் சட்டம் குற்றமாகக் கொள்ளாது என்பது உண்மையே. ஆயினும் உலாவச் செல்வோர் வேட்டைக்குச் செல்வோராக ஆயத்தமாவது முறையன்று.

எஞ்சியிருப்பது மிளகாயின் காரச்சத்து அடைத்த ஸ்பிரே. கரடிக்கென்றே செய்யப்பட்டது, ஏறக்குறைய ஏழு முதல் பத்து மீட்டர் தூரத்துக்கு மேகம் போல விரிந்து பரவும். கண்ணையும் மூக்கையும் எரியச் செய்யும். நிலையான கேடு விளைவிக்காது. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நிகழ்ந்த சம்பவங்களை ஆராய்ந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, பழுப்புக் கரடிகளிடம் நூற்றுக்கு 92 தடவை அது பயன் தந்ததாகக் கூறுகிறது. நம் நாட்டுக் கரடிகளிடம் இத்தகைய நீண்ட அனுபவம் இல்லை. மேலும், நகரக் கடைகளில் திருடருக்கு எதிராக விற்கப்படும் சிறு குப்பி வேறு, இது வேறு. சிறு குப்பியின் மெல்லிய தாரை இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் சென்று எட்டாது. பாய்ந்து வரும் கரடி அந்தத் தூரத்தை ஒரு நொடியில் கடந்துவிடும்.

வாங்குவோர் நான்கு செய்திகளைக் கவனிக்க வேண்டும். கரடிக்கு உரியது என்று குப்பியின்மேல் குறித்திருக்கிறதா? காலாவதித் தேதி கடந்துவிட்டதா? இடுப்பு வாரில் மாட்டி ஒரே கணத்தில் எடுக்க இயலுமா? பூட்டை நீக்கி அழுத்தப் பழகியிருக்கிறோமா? பைக்குள் இருக்கும் குப்பி வீட்டில் இருக்கும் குப்பிக்குச் சமம். அழுத்தினால் சில விநாடிகளில் அது தீர்ந்துவிடும். காற்று எதிராக அடித்தால் நம் கண்ணே முதலில் எரியும். கொசுவுக்குத் தைலம் பூசுவதுபோல் இதை உடையில் முன்கூட்டித் தெளித்துக்கொள்வதால் பயனில்லை; கேடே விளையும். விமானத்தில் கைப்பையில் கொண்டு செல்லவும் இயலாது.

இவ்வளவுக்குப் பிறகும் கரடி எதிர்ப்பட்டால் என் செய்வது? நில்லுங்கள். ஓடாதீர்கள். மரத்தில் ஏறாதீர்கள், கரடியும் ஏறும். மெல்லிய குரலில் பேசியவாறு, அதன் மேலிருந்து கண்ணை விலக்காமல், அடியடியாகப் பின்வாங்குங்கள். அது செல்வதற்கு வழி விடுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் இடையில் ஒருபோதும் அகப்படாதீர்கள். பாய்ந்து வந்து மேலே விழுந்துவிட்டால், குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முழங்கைகளால் முகத்தைக் காத்துக்கொண்டு, அது அகலும் வரை அசையாது கிடப்பதே உகந்தது. நம் கரடி பெரும்பாலும் முகத்தையும் தலையையுமே தாக்குகிறது. தப்பியதும் 112 என்னும் எண்ணுக்குத் தகவல் கொடுங்கள். சிறு கீறலாயினும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, மருத்துவமனை சென்று வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வனத்துறைக்கும் அறிவியுங்கள்.

இறுதியாக ஒன்று. அன்று கரடியை அவ்விடத்துக்கு அழைத்தது எது? விடுதியில் நம்மைப் போன்றோர் தின்று எஞ்சிய உணவு. காட்டில் நாள் முழுதும் அலைந்து பெறும் உணவைக் குப்பைமேட்டில் ஒரே நாழிகையில் பெறலாம் என்று அறிந்த கரடி மீண்டும் மீண்டும் வரும். நாம் மூன்று வாரத்தில் டில்லிக்குத் திரும்பிவிடுவோம். கரடியோடு எஞ்சியிருப்போர் அக்காவற்காரரும் அவர் பிள்ளைகளும். எனவே குப்பையை மூடி வைப்பதும், மூடி வைக்குமாறு விடுதியாரிடம் வற்புறுத்துவதும் நமக்கும் அவர்களுக்கும் சேர்ந்த பாதுகாப்பு. கடையில் வாங்கும் எந்தக் கருவியும் இதனைச் செய்யாது. மறுநாள் நாங்கள் மூவரும் அவ்விடுதிக்குச் சென்று இதனைச் சொன்னோம். அதன் பின் எட்டு மணிக்கே உலாவினோம்.

அந்தப் பலகையைப் பற்றித் தொடங்கிய ஆராய்ச்சியும் அன்றே முடிவுற்றது. ஹிந்தியில் 'ஸாவ்தான்' என்றால் எச்சரிக்கை. அதே வடசொல் தமிழில் 'சாவதானம்' என்று வழங்குகிறது. பதற்றமின்றி, நிதானமாக என்பது அதன் பொருள். ஒரே சொல் வடக்கே எச்சரிக்கையாகவும் தெற்கே நிதானமாகவும் நிற்கிறது. கரடி உலாவும் ஊர்களில் வாழும் தமிழர்களுக்கு இரண்டு பொருளும் வேண்டும். புறப்படும் முன் வடக்கின் பொருள். எதிர்ப்பட்ட பின் தெற்கின் பொருள்.